நாக்கில் படாத சூப்

பியற்றிஸுக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று இங்கிலாந்தில் சட்டன் என்ற ஊரின் கத்தோலிக்கப் பங்குச் சனங்களிடையே ஒரு பேச்சு உண்டு. அதில் பொய் இல்லை. ஆனால் அந்த வாய்க்குள் இருந்த நாக்கைப் பற்றி யாரும் ஒரு குறை சொன்னது கிடையாது. குழம்பில் புளி ஒரு சொட்டுக் கூடினாலும் கண்டுபிடித்துவிடுவாள். கல்யாண வீட்டு இறைச்சிக் கறியை ஒரு வாய் வைத்துவிட்டு, சரக்குத் தூள் எந்தக் கடையில் வாங்கியது என்று சொல்லி வீட்டுக்காரரைச் சங்கடப்படுத்துவாள். அப்பேர்ப்பட்ட நாக்கைத்தான் 1987ஆம் ஆண்டு நத்தார் எனும் கிறிஸ்மஸுக்கு ஆறு நாள் இருக்கையில் அவள் சுட்டுக்கொண்டாள்.

சட்டனில் ஒரு முதியோர் இல்லத்துக் குசினியில் அவளுக்கு வேலை. மரக்கறி வெட்டுவது, கோப்பை கழுவுவது, இடையிடையே கதைப்பது. இருபத்திரண்டு கிழவர் கிழவிகள் இருந்தார்கள். முன்பு இருந்த சமையற்காரி ஒரு நாள் கஸ்ரட்டில் சீனிக்குப் பதிலாக உப்பைக் கொட்டினாள். அதன் பிறகு அவள் அதிக நாள் நிற்கவில்லை. பொறுப்பாளர் மிஸிஸ் பார்க்கர் ஒரு தடித்த கொப்பியைக் கொண்டுவந்து குசினிச் சுவரில் தொங்கவிட்டார். என்ன சமைத்தாலும் வெளியே போகுமுன் ருசி பார்த்து, பார்த்தவர் அதில் கையெழுத்து வைக்க வேண்டும். அந்தக் கொப்பியோடுதான் சிவகௌரியும் அங்கே சமையலுக்கு வந்து சேர்ந்தாள். நத்தார் வரைக்கும் தற்காலிகம், சரியாகச் செய்தால் நிரந்தரம் என்பது பேச்சு.

சிவகௌரி யாழ்ப்பாணத்துச் சைவப் பெண். பியற்றிஸை விட ஏழெட்டு வயது இளையவள். அதிகம் பேசமாட்டாள். பியற்றிஸுக்கு அது முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. ஒரு குசினிக்குள் நாள் முழுக்க ஒருத்தி மட்டும் பேசிக்கொண்டிருந்தால் பைத்தியம் என்றுதானே நினைப்பார்கள். ஆனால் இரண்டாம் நாள் அவள் வைத்த லீக்ஸ் உருளைக்கிழங்குச் சூப்பை ஒரு வாய் குடித்ததும் பியற்றிஸ் பேச்சை நிறுத்தினாள். அது பெரிய காரியம். அவளுடைய புருசன் சூசைதாசனால் பதினோரு வருஷமாகச் செய்ய முடியாத காரியம்.

டிசெம்பர் தொடங்கியதும் சிவகௌரி மிஸிஸ் பார்க்கரிடம் போய், வருகிற ஞாயிறு தொடக்கம் தனக்குப் பிள்ளையார் கதை விரதம் என்றும், இருபத்தொரு நாள் வீட்டில் பொழுதுபட ஒரு நேரம் மட்டுமே சாப்பிடுவதென்றும், அதுவரை வாயில் எதையும் வைக்க முடியாதென்றும் சொன்னாள். வருஷா வருஷம் பிடிக்கிற விரதம்தான். ஆனால் அந்த வருஷம் ஊரில் ஷெல் விழுந்துகொண்டிருந்தது. இரண்டு மாதமாகத் தாய் தகப்பனிடமிருந்து ஒரு கடிதமும் இல்லை. அதை அவள் மிஸிஸ் பார்க்கரிடம் சொல்லவில்லை. பியற்றிஸிடம்கூட ஒரு தரம்தான் சொன்னாள்.

மிஸிஸ் பார்க்கர் கெட்டவர் இல்லை, ஆனால் கொப்பியை நம்புகிறவர். ருசி பார்க்காத சமையற்காரியை அவர் கேள்விப்பட்டதில்லை. கடைசியில், பியற்றிஸ் ருசி பார்த்துக் கையெழுத்து வைக்கட்டும் என்றார். ஆனால் நத்தாருக்குள் ஒரு சட்டி பிழையாகிப் போனாலும் புதுவருஷத்தில் வேறு சமையற்காரியை எடுக்க வேண்டிவரும் என்பதையும் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

இப்படியாகப் பியற்றிஸின் நாக்குக்கு உத்தியோகம் கிடைத்தது. அவள் அதை அனுபவித்துச் செய்தாள். "சிவகௌரி, ஒரு கல்லு உப்புக் காணாது பிள்ளை," என்பாள். "இண்டைக்கு மிளகு தூக்கலா நிக்குது," என்பாள். சொல்ல ஒன்றும் இல்லாத நாளிலும் ஏதாவது சொல்வாள். பதவி என்றால் சும்மாவா. சிவகௌரி இடது கையில் விரதத்துக்குக் கட்டிய இருபத்தொரு இழை நூலைச் சட்டைக் கைக்குள் இழுத்துவிட்டபடி, "ஓம் அக்கா," என்று கேட்டுக்கொள்வாள்.

உண்மையில் பியற்றிஸுக்குத் திருத்த வேலையே இருக்கவில்லை. காலை ஏழு மணிக்கு வெறும் வயிற்றோடு பஸ்ஸில் வந்து இறங்குகிற சிவகௌரி, பார்லியைக் கழுவிப் போட்டு, கரட்டையும் பாஸ்னிப் கிழங்கையும் பட்டரில் மெல்ல வதக்கும்போது அந்த வாசத்துக்குச் செத்தவனும் எழும்பி உட்காருவான். அதன் நடுவே நின்று அவள் ஒரு சொட்டு நாக்கில் வைக்காமல் வேலை செய்தாள். வெங்காயம் வதங்கும் சத்தம் மாறினால் திரும்பிப் பார்ப்பாள். கொதியின் குமிழைப் பார்த்தே தடிப்புத் தெரியும். உப்பைக் கரண்டியால் அளக்கமாட்டாள், கையால் அள்ளி விரலை ஒரு தரம் உதறிப் போடுவாள்.

சிவகௌரி நத்தாருக்கு ஷோர்ட்பிரெட் பிஸ்கற் போடத் தொடங்கியபோது பியற்றிஸ் வாய் பிளந்து நின்றாள். இங்கிலீஸ் பிஸ்கற்றை வாழ்நாளில் சுட்டிராதவள், புட்டுக்கு மா குழைக்கிற கையாலேயே மாவையும் பட்டரையும் விரல் நுனியால் உதிர்த்து உதிர்த்துச் சேர்த்தாள். நட்சத்திரமாகவும் பிறையாகவும் வெட்டினாள். அவண் அடுப்பின் கதவைத் திறக்காமலே, "இப்ப எடுக்கலாம்," என்பாள். எடுத்தால் ஓரம் மட்டும் இளம் பொன் நிறம். பின்னேரம் மூன்று மணிக்கு அந்த வாசம் வரும்போது நடக்க ஏலாதவர்களும் கூடத்துக் கதிரைகளில் வந்து உட்கார்ந்திருந்தார்கள். கையில் தூள் மிஞ்சினால்கூட நக்காமல் துவாயில் துடைக்கிற அவளைப் பார்க்கப் பியற்றிஸுக்குப் பொறாமையும் பெருமையும் ஒன்றாக வந்தன. ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்தில் வெள்ளிக்கிழமை ஒரு நாள் இறைச்சி விடுவதற்கே தான் படுகிற பாட்டை நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

நத்தாருக்கு முந்தின சனிக்கிழமை பட்டாணிப் பருப்புச் சூப். தடித்த சூப், மேலே ஆறினது போலக் காட்டும், உள்ளே நெருப்பு. பியற்றிஸ் அவசரக்காரி. ஒரு அகப்பையை அப்படியே வாயில் விட்டாள். கண்ணால் தண்ணீர் ஓடியது. நாக்கு முழுக்கக் கொப்புளம். அதற்குப் பிறகு ஐஸ் வைத்தும் தேன் பூசியும் ஒன்றும் நடக்கவில்லை. சீனியும் உப்பும் அவளுக்கு ஒன்றுபோல மணலாக இருந்தன.

சொல்லலாமா என்று யோசித்தாள். சொன்னால் சிவகௌரி தானே ருசி பார்க்க வேண்டும். பதினான்கு நாள் பிடித்த விரதம் ஒரு கரண்டிச் சூப்பில் போய்விடும். இல்லாவிட்டால் மிஸிஸ் பார்க்கரிடம் போக வேண்டும், வேலை போய்விடும். பியற்றிஸ் வாழ்க்கையில் முதன்முறையாக வாயை மூடிக்கொண்டாள். சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன் என்று ஐந்து நாளும் ஒவ்வொரு சட்டியிலும் ஒரு கரண்டி எடுத்துக் குடித்து, "சரியா இருக்கு," என்று சொல்லிக் கையெழுத்து வைத்தாள். நத்தாருக்கு முன் சுவாமியாரிடம் செய்யும் பாவசங்கீர்த்தனத்தில் இதை எத்தனை பொய் என்று சொல்வது என்ற கவலை வேறு. ஒரு சட்டிக்கு ஒன்றா, ஒரு கையெழுத்துக்கு ஒன்றா?

ஆனால் அதிசயம் என்னவென்றால், ஒரு கோப்பைகூட மிச்சத்தோடு திரும்பி வரவில்லை. மிஸ்டர் கொலின்ஸின் கோப்பைகூட. அவர் முப்பது வருஷம் சரக்குக் கப்பலில் சமையற்காரராக இருந்தவர். ஒவ்வொரு நாளும் கோப்பையோடு ஒரு துண்டுக் கடதாசியில் ஏதாவது குறை எழுதி அனுப்புகிறவர். அந்த ஐந்து நாளும் அவரிடமிருந்து கடதாசியே வரவில்லை.

வியாழக்கிழமை நத்தாருக்கு முதல் நாள். மத்தியானம் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லாரும் வந்து கிழவர்களோடு இருந்து சாப்பிடுவார்கள். ஐம்பது பேருக்குச் சூப். இல்லத்திலேயே பெரிய சட்டி அடுப்பில் ஏறியிருந்தது. சிவகௌரி அடுத்த அறையில் பிஸ்கற்றுகளைத் தட்டுகளில் அடுக்கிக்கொண்டிருந்தாள். பியற்றிஸ் சட்டியைக் கிண்டிக்கொண்டு நின்றாள். ஐம்பது பேருக்கு எவ்வளவு உப்பு வேண்டும், இவள் போட்டாளா, போட்டதைத் தான் காணவில்லையே என்று மனம் அடித்துக்கொண்டது. ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். சப்பென்று இருந்தது. இருக்கத்தானே செய்யும், அவளுடைய நாக்குக்கு எல்லாம் சப்புத்தான். பயம் வந்தால் புத்தி நிற்குமா? ஒரு கை நிறைய உப்பை அள்ளிச் சட்டியில் போட்டாள். விழுந்த பிறகுதான் தான் என்ன செய்தோம் என்று அவளுக்கு உறைத்தது.

சிவகௌரி உள்ளே வந்தாள். சட்டியைப் பார்த்தாள். பியற்றிஸின் ஈரமான விரல்களில் ஒட்டியிருந்த உப்பைப் பார்த்தாள்.

"எவ்வளவு போட்டனீங்கள் அக்கா?"

"ஒரு கை." பியற்றிஸ் விரல்களைத் துவாயில் துடைத்தாள். "என்ரை நாக்குச் செத்துப் போச்சு, சிவகௌரி. சனிக்கிழமை சுட்டது. இவ்வளவு நாளும் உமக்குப் பொய்தான் சொன்னனான்."

"எனக்குத் தெரியும்."

"தெரியுமோ?"

"சனிக்கிழமை தொடக்கம் நீங்கள் ஒரு குறையும் சொல்லேல்லை. அப்பவே விளங்கிப் போச்சு. சொன்னா நீங்கள் கையெழுத்து வைக்கமாட்டீங்கள் எண்டு பேசாமல் இருந்திட்டன். எனக்கும்தானே பாவம்."

ஐந்து நாளும் ருசி பார்க்க ஒரு நாக்கும் இல்லையென்று தெரிந்துகொண்டே அவள் சமைத்திருக்கிறாள் என்பது பியற்றிஸுக்கு அப்போதுதான் விளங்கியது. அவள் அதை நினைத்து வியந்து முடிப்பதற்குள் சிவகௌரி அகப்பையை எடுத்துச் சூப்பை அள்ளி, ஊதி, வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனாள்.

பியற்றிஸ் பாய்ந்து அவள் கையைப் பிடித்தாள். "என்ன செய்யிறீர்? இன்னும் ரண்டு நாள்தானே கிடக்கு."

"விடுங்கோ அக்கா. என்ரை கை எவ்வளவு அள்ளும் எண்டு எனக்குத் தெரியும். உங்கடை கை எனக்குத் தெரியாது. தெரியாமல் ஐம்பது சனத்துக்குக் குடுக்க ஏலாது."

"அம்மா அப்பாவுக்காகப் பிடிக்கிற விரதமெல்லோ."

சிவகௌரியின் கண் நிறைந்தது. ஆனால் அகப்பை இறங்கவில்லை. "அவையளுக்கு இது விளங்கும்," என்றாள்.

பியற்றிஸ் அகப்பையைப் பறித்தாள். அதில் இருந்ததை ஒரு கோப்பையில் ஊற்றினாள். "பொறும். இந்த வீட்டிலை நாக்குள்ள ஆள் நான் மட்டுமில்லை," என்று சொல்லிக்கொண்டு நடைவழியில் ஓடினாள்.

மிஸ்டர் கொலின்ஸ் ஜன்னலோரம் கழுத்துப்பட்டி கட்டி உட்கார்ந்திருந்தார். ஒரு வாய் குடித்தார். கடல்நீரை அள்ளிக் கொண்டுவந்தாயா என்று கேட்டார். பியற்றிஸ் திரும்பி ஓடினாள். சிவகௌரி அதற்குள் உப்பில்லாமல் உருளைக்கிழங்கையும் பார்லியையும் இன்னொரு சட்டியில் அவித்துக்கொண்டிருந்தாள். சூப்பில் ஒரு பங்கை எடுத்துவிட்டு அதைச் சேர்த்தாள். இரண்டாம் கோப்பைக்கு, பரவாயில்லை, இப்போது துறைமுகத்துத் தண்ணீர் அளவுக்கு வந்திருக்கிறது என்றார். மூன்றாம் கோப்பையை அவர் ஒன்றும் சொல்லாமல் குடித்தார். அடிவரை குடித்தார். பிறகு தன் கைத்தடியைத் தரச் சொன்னார், தானே குசினிக்கு வர வேண்டுமாம்.

கோப்பையும் கையுமாக மூன்று தரம் ஓடியதை மிஸிஸ் பார்க்கர் பார்க்காமல் இருப்பாரா? இவர்கள் குசினிக்கு வந்தபோது அவர் அங்கே நின்றார். கொப்பி கையில் இருந்தது. இன்றைய பக்கத்தில் கையெழுத்து இல்லை.

"சூப்பில் ஏதோ பிழையா?" என்று கேட்டார்.

"உப்புக் கூடிவிட்டது. திருத்தியாகிவிட்டது," என்றாள் சிவகௌரி.

"யார் போட்டது?"

பியற்றிஸ் வாயைத் திறந்தாள். அந்த நீள வாயையும் முந்திக்கொண்டது சிவகௌரிதான்.

"நான். சட்டி என்னுடையது."

மிஸிஸ் பார்க்கரின் முகம் இறுகியது. ஒரு சட்டி பிழையாகிப் போனாலும் என்று சொன்னவர் அவர்தானே. பியற்றிஸ் அழத் தொடங்கிவிட்டாள். இல்லை, நான்தான், என் கைதான் என்று தமிழிலும் இங்கிலீசிலும் மாறி மாறிச் சொன்னாள். நாக்குச் சுட்டது, பொய்க் கையெழுத்து வைத்தது எல்லாவற்றையும் கொட்டினாள். பாவசங்கீர்த்தனத்துக்குச் சேர்த்து வைத்தது முழுக்க அங்கேயே போய்விட்டது.

மிஸ்டர் கொலின்ஸ் கைத்தடியால் நிலத்தில் ஒரு தட்டுத் தட்டினார். தனக்கு எண்பத்து நான்கு வயதென்றும், இந்தப் பிள்ளை வந்த நாள் தொடக்கம் இவளுடைய சூப்பைக் குடிப்பதாகவும், இந்தக் கை உப்பில் தவறாதென்றும் அவர் சொன்னார். உப்பைப் போட்டது இந்த அழுகிறவள்தான் என்பது குருடனுக்கும் தெரியும் என்றார். பிறகு மிஸிஸ் பார்க்கர் பக்கம் திரும்பினார். "கப்பலில் இருபது உதவியாளர்களைப் பார்த்தேன். உப்புக் கூடினால் இருபது பேரும் அடுத்தவனைக் காட்டுவார்கள். சட்டி என்னுடையது என்று சொல்கிறவன்தான் சமையற்காரன். கொப்பியைக் கொடுங்கள்."

எழுத்து எழுத்தாக அவர் தன் பெயரை எழுதினார். மிஸிஸ் பார்க்கர் அந்தக் கையெழுத்தைப் பார்த்தார். பியற்றிஸின் பொய்க் கையெழுத்து இருந்த ஐந்து நாள் வரிகளையும் பார்த்தார். பிறகு பேனையை வாங்கி, இன்று தொடக்கம் ருசி பார்ப்பவர் மிஸ்டர் கொலின்ஸ் என்று மேலே எழுதினார். சமையற்காரி என்ற இடத்தில் சிவகௌரியின் பெயருக்குப் பக்கத்தில் இருந்த 'தற்காலிகம்' என்ற சொல்லை வெட்டினார். பியற்றிஸைப் பார்த்து, இனிப் பொய்க் கையெழுத்து வைத்தால் தன்னிடம் இரக்கம் இருக்காது என்று கடுமையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

ஐம்பது கோப்பையும் போயின. ஐம்பதும் வெறுமையாக வந்தன. கூடத்தில் பிள்ளைகள் நட்சத்திரப் பிஸ்கற்றுக்குச் சண்டை பிடிக்கிற சத்தம் கேட்டது. பியற்றிஸ் கழுவு தொட்டியடியில் நின்று மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். உப்புச் சாடியைக் கண்டாலே அவளுக்கு முகம் சுருங்கியது. இனிச் செத்தாலும் அதைத் தொடுவதில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

சிவகௌரி அந்தச் சாடியை எடுத்து வந்து அவள் முன்னால் வைத்தாள்.

"நாளைக்குக் காலமைச் சூப்புக்கு உப்பை நீங்கள் போடுங்கோ அக்கா."

"உமக்கென்ன விசரோ? இவ்வளவும் பட்டது காணாதோ?"

"உங்கடை கையையும் எனக்குத் தெரிய வேணும்," என்றாள் சிவகௌரி.