பிணை நின்றவர் வீடு

'வங்குரோத்து' என்ற சொல்லைச் சட்டத்தரணி அம்மா தடிமன், காய்ச்சல் என்பதுபோல வெகு சாதாரணமாகச் சொன்னார். எனக்கு அது, கடன் கட்ட வக்கில்லாதவர்கள் என்று நெற்றியில் எழுதி ஒட்டுவதுபோல் கேட்டது. கொம்பனி யாழ்ப்பாணக் கிளையை இழுத்துப் பூட்டியதோடு இவருக்கு வேலை போயிற்று. வீடு திருத்த எடுத்த வங்கிக் கடனைக் கட்ட வழியில்லை. இனிக் கோட்டில் நீதிபதிக்கு மனுப் போட்டு, எங்களால் ஏலாது என்று ஒப்புக்கொள்ள வேண்டியதுதான்.

இவர் என்றால் என் மனுஷன் றஜிந்தன். கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தவர், "பிணைக்குக் கையெழுத்து வைச்சது ஆர்?" என்றதும் என் முகத்தைப் பார்த்தார்.

"கனகரத்தினம் அண்ணை. கூடப் பிறக்கேல்லை, ஆனா சொந்த அண்ணை மாதிரி. புத்தூர். பஸ் ட்ரைவர்," என்று நான்தான் சொன்னேன்.

"நீங்கள் மனுப் போட்டா பாங்க் அவரைத்தான் பிடிக்கும். அவரின்ரை சம்பளத்திலை வெட்டுவினம். அவருக்குத் தெரியுமோ?"

தெரியாது. வேலை போனதே அவருக்குத் தெரியாது. வெட்கம், வேறென்ன. என் மனுஷனுக்குப் பசி பொறுக்கும், வெட்கம் பொறுக்காது.

"பாங்கின்ரை கடிதம் அவருக்குப் போய்ச் சேர முந்தி நாங்கள் போய்ச் சொல்லவேணும்," என்றேன் வெளியே வந்ததும்.

"நீ போய்ச் சொல்லுறியே சுபா?"

"நல்லாயிருக்கு கதை. கையெழுத்துக் கேட்கேக்கை நானே போனனான்?"

அடுத்த நாள் காலையே இருவருமாக வெளிக்கிட்டோம். அழுது வடிந்துகொண்டு ஒருவர் வீட்டுப் படி ஏறக்கூடாது என்று நான் நல்ல சேலையாகப் பார்த்து உடுத்தேன். இவருக்கும் சேட்டு ஒன்றை மடிப்பெடுத்து மினுக்கிக் கொடுத்தேன். வெறுங்கையோடு போகலாமா? வழியில் ஒரு சீப்புக் கதலி வாழைப்பழமும் பிஸ்கற்றும் வாங்கிக்கொண்டோம். அங்கேதான் நான் பிழை விட்டேன்.

எங்கள் ஊரில் புருஷனும் பெண்சாதியும் சோடியாக, வடிவாக உடுத்து, பழச்சீப்போடு காலையில் ஒரு வீட்டுக்குப் போனால் அதற்கு ஒரே அர்த்தம்தான். கேற்றைத் திறந்த அண்ணையின் பெண்சாதி குணலட்சுமி அக்கா என் சேலையைப் பார்த்தார், பழத்தைப் பார்த்தார், முகமெல்லாம் பூரித்துப் போனார்.

"எங்கடை கோபிகா பெரியபிள்ளை ஆகிட்டாளே! இஞ்சாருங்கோ, ஓடி வாங்கோ! சாமத்திய வீட்டுக்கு அழைக்க வந்திருக்கினம்!"

என் மகள் கோபிகா பிறந்தபோது அம்மா உயிரோடு இல்லை. ஆஸ்பத்திரியில் எனக்குப் பக்கத்தில் இருந்து, பத்தியக்கறி காய்ச்சித் தந்தது இந்த அக்காதான். அவர் சந்தனக் கிண்ணத்தை எடுக்க உள்ளே ஓடியபோது, நிலம் பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது. அண்ணை வெங்காயத் தோட்டத்திலிருந்து கை கழுவிக்கொண்டு சிரித்தபடி வந்தார்.

"எப்படா நாள் வைச்சிருக்கிறாய்?"

நான் வாயெடுக்க முந்தி இவரே சொல்லத் தொடங்கிவிட்டார். "அண்ணை, அது இல்லை. எனக்கு வேலை போயிட்டுது." பிறகு கடன், மனு, கோடு, சம்பளத்தில் வெட்டப்போகிற கதை. தலையைக் குனிந்தபடி, ஒன்றும் ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். சந்தனக் கிண்ணத்தோடு வந்த அக்கா வாசலிலேயே நின்றுவிட்டார்.

அண்ணையின் சிரிப்பு போய்விட்டது. எழுந்து கிணற்றடிப் பக்கம் போனார். நெடுநேரம் திரும்பவில்லை. கிணற்றுப் பங்குக்காகத் தலைமுறையாகக் கதைபேச்சில்லாத குடும்பங்களை நான் அறிவேன். இது அதைவிடப் பெரிய காரியம். காசு போனால் போகட்டும், இந்த வீட்டு உறவு எங்களுக்கு இல்லாமல் போய்விடுமோ என்றுதான் நான் பயந்தேன். அக்கா சந்தனக் கிண்ணத்தைத் திரும்ப உள்ளே வைத்துவிட்டுத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார்.

அண்ணை திரும்பி வந்து இவருக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்.

"வேலை போனவுடனை ஏன்ரா எனக்குச் சொல்லேல்லை?"

"வெக்கமாயிருந்தது அண்ணை."

"எனக்குச் சரியான கோபம். கெதியிலை ஆறாது. நீ அதைத் தெரிஞ்சுகொள்." கொஞ்சம் நிறுத்தினார். "சரி, கோடு உன்ரை கடனெல்லாத்தையும் தள்ளட்டும். ஆனா என்ரை சம்பளத்திலை வெட்டுற காசை நீ எனக்குத் திருப்பித் தரவேணும். ஐஞ்சூறு ரூபா எண்டாலும் மாசம் மாசம் தா."

எனக்குச் சுருக்கென்றது. விழுந்து கிடக்கிறவனிடம் வட்டிக்காரன் கதைக்கிற கதையா இது என்று மனதுக்குள் கறுவினேன்.

"தாறன் அண்ணை. உங்கடை பாங்க் கணக்கிலை போட்டுவிடுறன்," என்றார் இவர்.

"பாங்கிலை போடவேண்டாம். வீட்டை கொண்டுவந்து கையிலை தா. பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா." அண்ணை கதிரையை இன்னும் கிட்ட இழுத்தார். "போகட்டும் எண்டு நான் விட்டனெண்டா, நீ வெக்கத்திலை இந்தப் பக்கம் தலைவைச்சும் படுக்கமாட்டாய். உன்னை எனக்குத் தெரியாதே?"

வட்டிக்காரன் என்று நினைத்த என் மனதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. இவர் தலையை ஆட்டினார்.

"ஓம் அண்ணை," என்றேன் நான். "மாசம் மாசம் வருவம்."