சனிக்கிழமைத் தண்ணீர்

நன்றியுரை என்றால் நேசமலர் ரீச்சர்தான். கொழும்புத்துறையில், கடலுக்குக் கிட்ட இருக்கும் அந்தச் சின்னப் பிரஸ்பிட்டேரியன் தேவாலயத்தில் போதகர்கள் மாறினார்கள், ஓர்கன் வாசிப்பவர்கள் மாறினார்கள், கூரை ஓடுகூட ஒருதரம் மாறியது. நன்றியுரைக்கு மட்டும் இருபத்திரண்டு வருடமாக வேறு ஆள் இல்லை. மாதர் சங்கத் தலைவியும் அவரே என்பதால் ஏன் என்று கேட்கவும் ஆள் இல்லை.

நன்றியுரை லேசான வேலை என்று நினைப்பவர்கள் யாழ்ப்பாணத்தில் ஒரு கூட்டமும் வைத்துப் பார்க்காதவர்கள். ஒரு பெயர் தவறினால் போதும், அந்த வீட்டுக்காரர் அடுத்த மூன்று கலியாணத்துக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் நிற்பார்கள். ரீச்சர் இதுவரை ஒரு பெயரும் விட்டதில்லை. கையில் துண்டுக் கடுதாசி வைத்திருந்ததும் இல்லை. அதற்கு அவரிடம் ஒரு வழி இருந்தது. மேடையில் நின்று இடப்பக்க முன் வாங்கில் கண்ணை வைப்பார். அதில் இருப்பவர்கள் செய்த உதவியைச் சொல்லி முடித்து அடுத்த வாங்குக்குப் போவார். இப்படியே பின்னுக்குப் போய், வலப்பக்கத்தால் முன்னுக்கு வந்து, பாடகர் குழுவையும் தொட்டு, வாசலில் நிற்கும் ஒலிபெருக்கிக்காரரில் முடிப்பார். முப்பது வருடம் வகுப்பில் பெயர் இடாப்புக் கூப்பிட்டவருக்கு இதெல்லாம் ஒரு வேலையா?

போன ஞாயிறு பின்னேரம் அவர் பேசியது இன்னும் ஒரு படி மேல். சங்கத்தின் சாப்பாட்டுப் பணிக்குப் பத்து வருடம் நிறைந்ததற்கான தோத்திர ஆராதனை அது. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, பெரிய வீடுகளில் தனியே கிடக்கும் வயதானவர்களுக்காகச் சனிக்கிழமைதோறும் சங்கத்துப் பெண்கள் தேவாலய வளவில் சமைத்து, வீடு வீடாகப் பார்சல் கொடுக்கிறார்கள். ஆறு வீட்டில் தொடங்கியது இப்போது அறுபது வீடு. ரீச்சர் அன்றைக்கு நாற்பத்தொரு பெயர் சொன்னார். முருங்கைக்காய் தந்தவர், வாழையிலை வெட்டியவர், ஸ்கூட்டியில் பார்சல் கொண்டு ஓடும் ஜெசிதா, ஆராதனையை பேஸ்புக்கில் நேரலையாக விட்டவர் என்று ஒருவரும் தப்பவில்லை. போதகர் ஜெறோம் அவர் கையைப் பிடித்து, "ரீச்சர், உங்களுக்கு ஆர் நன்றி சொல்லுறது?" என்று கேட்டார். ரீச்சர் அந்தக் கேள்வியைக் கல்கண்டு மாதிரி வெள்ளிக்கிழமை வரைக்கும் வாயில் வைத்திருந்தார்.

சனிக்கிழமை விடிந்தது. ஆறு மணிக்கு வழக்கம்போல தேவாலய வளவு வேலிக்கு அந்தப் பக்கம் மோட்டர் சத்தம் கேட்டது. கிளுவை வேலியில் ஒரு பொட்டு, கை நுழையும் அளவு ஓட்டை, உண்டு. அதற்குள்ளால் ஒரு ஹோஸ் வரும். இந்தப் பக்கம் வைத்த இரண்டு தகரப் பரல் நிறையும். பிறகு வேலிக்கு மேலால் பக்கத்து வளவுப் பத்மாவதியின் தலை தெரியும். "இண்டைக்கு என்ன கறி?" என்று கேட்பார். கறியைச் சொன்னால் அதற்கு ஒரு திருத்தமும் சொல்லிவிட்டுத்தான் போவார்.

தேவாலயத்துக் கிணறு உவர். கடற்கரைப் பக்கம் அப்படித்தான், ஒரு வேலி தள்ளினால் தண்ணீர் மாறும். உவர்த் தண்ணீரில் பருப்பு அவியாது. தேத்தண்ணி வாயில் வைக்க ஏலாது. பத்து வருடத்துக்கு முன், முதல் சனிக்கிழமை, பத்து மணியாகியும் பருப்பு கல்லாய்க் கிடக்க, பெண்கள் அழாக்குறையாக நின்றார்கள். அப்போதுதான் அந்தப் பொட்டுக்குள்ளால் முதன்முதலாக ஹோஸ் நீட்டப்பட்டது. யாரும் கேட்கவில்லை. பக்கத்து வளவுச் சைவசமயத்து அம்மா, தானாகவே நீட்டினார்.

இன்றைக்குப் பரல்கள் நிறைந்தன. மோட்டர் நின்றது. தலை தெரியவில்லை. அதற்குப் பதிலாக, திரும்ப இழுபட வேண்டிய ஹோஸ் இந்தப் பக்கமாகவே வந்துகொண்டிருந்தது. முழு நீளமும் வந்து மண்ணில் விழுந்தது.

"ரீச்சர், ஹோஸ் முழுக்க இங்காலை வருது!" என்றாள் சங்கச் செயலாளர் கத்தரீனா.

வேலிக்கு அப்பாலிருந்து பத்மாவதியின் குரல் வந்தது. "அரிசி ஊறப் போட்டிருப்பியள் எண்டதாலை இண்டைக்குத் தந்தனான். வாற கிழமைக்கு வேறை இடம் பாருங்கோ."

"ஏன் பத்மாவதி? மோட்டர் பழுதோ?"

"மோட்டருக்கு ஒண்டுமில்லை."

கத்தரீனா ரீச்சரின் காதுக்குக் கிட்ட வந்தாள். "ரீச்சர், ஞாயிற்றுக்கிழமை அவவின்ரை பேர் சொன்னனியளோ?"

"சொல்லாமல் இருப்பனே!" என்று ரீச்சர் சுடச்சுடச் சொன்னார். சொல்லிவிட்டு, மனதுக்குள் முன் வாங்கிலிருந்து நடந்து பார்த்தார். இடப்பக்கம் முடிந்தது, வலப்பக்கம் முடிந்தது, பாடகர் குழு, வாசல், ஒலிபெருக்கிக்காரர். பத்மாவதி ஒரு வாங்கிலும் இல்லை. எப்படி இருப்பார்? அவரை யாரும் அழைக்கவே இல்லையே. சைவம்தானே, வரமாட்டா என்று அழைப்புக் கடுதாசி எழுதும்போதே எல்லாரும் தாங்களாக முடிவெடுத்திருந்தார்கள். அந்த எல்லாருக்குள்ளும் ரீச்சர்தான் முதல் ஆள்.

ஆனாலும் நேசமலர் ரீச்சர் லேசில் சோர்ந்துபோகிறவர் இல்லை. "பத்து நிமிசத்து வேலை," என்று சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு வேலிக்குப் போனார். தொண்டையைச் செருமினார். "பத்மாவதி, கடந்த பத்து ஆண்டுகளாக எமது பணிக்குத் தோள்கொடுத்து வருகின்ற உங்களுடைய பெருந்தன்மையை…"

"ரீச்சர்," என்று பத்மாவதி இடைமறித்தார். குரலில் கோபம் இல்லை. அதுதான் ரீச்சருக்கு இன்னும் கூடச் சுட்டது. "என்ரை மகள் பிரசாந்தி கனடாவிலை விடிய எழும்பி, பிள்ளையளையும் எழுப்பி இருத்தி, உங்கடை கூட்டத்தைப் பாத்தவள். அம்மம்மாவின்ரை பேர் வரும், பாருங்கோ எண்டு நான்தான் சொன்னனான். ஒலிபெருக்கிக்காரன்ரை பேரும் சொல்லி முடிஞ்ச பிறகு எனக்குப் போன் எடுத்துக் கேக்கிறாள், 'அம்மா, நீங்கள் உண்மையிலை தண்ணி குடுக்கிறனீங்களோ?' எண்டு."

ரீச்சர் கிளுவை இலையை விலக்கி அவர் முகத்தைத் தேடினார்.

"தண்ணி வேணுமெண்டால் வேலியாலை கூப்பிடலாம். உதெல்லாம் வேலியாலை கதைக்கிற கதையில்லை," என்று சொல்லிவிட்டு பத்மாவதி உள்ளே போய்விட்டார்.

சமையல் நடந்தது. பருப்பு நன்றாக அவிந்தது. பார்சல் கட்டக் கட்ட ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். வாற ஞாயிறு கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தலாம் என்றாள் ஜெசிதா. பேஸ்புக்கில் ஒரு பெரிய நன்றி போடலாம் என்று ஒருத்தி. கத்தரீனா காரியக்காரி. "பவுசர் லொறியிலை தண்ணி எடுப்பிப்பம் ரீச்சர். ஒருத்தரின்ரை முகத்தையும் பாக்கத் தேவையில்லை."

"தண்ணிக்குப் பவுசர் வரும்," என்றார் ரீச்சர். "அந்தப் பிள்ளை கேட்ட கேள்விக்கு ஆர் பதில் சொல்லுறது? பெத்த தாயைப் பொய்க்காரியாக்கிப்போட்டு வந்து நிக்கிறன் நான்."

மத்தியானம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுமுன் கண்ணை மூடினார். எந்த நன்றியுரையையும் கர்த்தருக்கு நன்றி சொல்லித்தான் அவர் தொடங்குவார். இன்றைக்கு, நன்றி என்று தொடங்கியவர் அதற்கு மேல் போகவில்லை. வெட்கமாக இருந்தது. பாதிச் சோற்றோடு எழும்பினார்.

பின்னேரம் ஐந்து மணிக்குக் குடையை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். வேலியால் பத்து அடி தூரத்தில் இருக்கும் வளவுக்கு, தெருவால் போவதென்றால் இரண்டு ஒழுங்கை சுற்ற வேண்டும். ஆவணி வெயில் இன்னும் இறங்கவில்லை. ஒழுங்கைக்குள் நுழைந்ததும்தான் ரீச்சருக்கு உறைத்தது, அந்த வீட்டு வாசல் படலை எதுவென்று தெரியாது. வரிசையாக ஐந்து படலைகள். பத்து வருடம் தண்ணீர் வாங்கிய வீட்டுக்கு முன்பக்கம் எப்படி இருக்கும் என்று அவர் பார்த்ததே இல்லை.

கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த ஒருவரிடம், "பத்மாவதி வீடு எது?" என்று கேட்டார்.

"எந்தப் பத்மாவதி? புருசன்ரை பேரென்ன?"

ரீச்சருக்கு அதுவும் தெரியாது. "தண்ணி குடுக்கிற பத்மாவதி," என்றார்.

"ஓ, சிவசுப்பிரமணியத்தாரின்ரை மனிசி. அந்தப் பச்சைப் படலை. அந்தாள் தன்ரை கையாலை வெட்டின கிணறெல்லோ அது." அவர் வலையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார். ஊருக்கே தெரிந்திருந்தது, தேவாலயத்துக்குத்தான் தெரியவில்லை.

பச்சைப் படலையைத் திறந்து உள்ளே போனார். குசினிக் கரையோரம் ஏழெட்டு வாளிகள் வரிசையாகக் கிடந்தன. எல்லாம் வெறும் வாளிகள். கிணற்றடியில் பத்மாவதி தோளில் துவாயோடு, சுற்றுக்கட்டைப் பிடித்துக்கொண்டு கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ரீச்சரைப் படலைப் பக்கம் கண்டதும் துவாயைச் சரிசெய்தார்.

"வாங்கோ ரீச்சர். சுத்தி வந்திருக்கிறியள்."

"ஓம். இந்த நேரத்திலையோ முழுகப் போறியள்?"

"சனிக்கிழமையிலை இந்த நேரம்தான். கோடையிலை உங்களுக்கு ரெண்டு பரல் இறைச்சால் கிணறு அடி தெரியும். ஊறிவரப் பின்னேரமாகும். சமையலுக்கும் மற்றதுக்கும் வெள்ளிக்கிழமையே வாளியிலை பிடிச்சு வைச்சிடுவன். முழுக்குத்தான் பிந்தும். முழுகித்தானே சாமி விளக்கு வைக்கலாம்."

"பத்து வருசமாவோ?"

"மாரியிலை கரைச்சலில்லை."

"ஏனம்மா ஒருநாளும் சொல்லேல்லை?"

"சொன்னால் வாங்கமாட்டியள். பிறகு பருப்பு அவியாது," என்றார் பத்மாவதி, கறிக்குத் திருத்தம் சொல்லும் அதே குரலில்.

ரீச்சர் கிணற்றுச் சுற்றுக்கட்டில் குந்திவிட்டார். வரும் வழியெல்லாம் ஒழுங்குபடுத்திக்கொண்டு வந்த பேச்சு ஒன்று இருந்தது. பெருந்தன்மை, தோள்கொடுத்தல், அளப்பரிய சேவை எல்லாம் அதில் இருந்தன. இந்த வெறும் வாளிகளுக்கு முன்னால் அதில் ஒரு சொல்லும் உதவவில்லை. பெயரை மறந்தது இருக்கட்டும். எதற்கு நன்றி சொல்ல வேண்டும் என்றே இவ்வளவு நாளும் தெரியாமல் அல்லவா இருந்திருக்கிறார்?

உடுப்புத் தோய்க்கும் கல்லில் கிடந்த தொலைபேசி அடித்தது. பத்மாவதி எட்டிப் பார்த்தார். "மகள்தான். வேலைக்குப் போகமுதல் ஒவ்வொரு நாளும் எடுப்பாள். பிறகு கதைக்கிறன்."

"இப்பவே எடுங்கோ. என்னட்டைத் தாங்கோ."

திரையில் ஒரு பெண்ணின் முகம் தெரிந்தது. தாயைத் தேடிய கண்ணில் வேறொரு கிழவி முகம் பட்டதும் திடுக்கிட்டது.

"பிரசாந்தி, பயப்பிடாதை பிள்ளை. நான் பக்கத்துத் தேவாலயத்து நேசமலர். ஞாயிற்றுக்கிழமை நன்றியுரை சொன்னது நான்தான். உன்ரை அம்மாவின்ரை பேரை விட்டது நான்தான். ஆரும் சொல்லி விடேல்லை, நானாத்தான் மறந்தனான்." குரல் தடுமாறியது. அதைச் சரிசெய்ய ரீச்சர் முயலவில்லை. "அம்மா உண்மையிலை தண்ணி குடுக்கிறவவோ எண்டு கேட்டனியாம். ஓம் பிள்ளை. பத்து வருசமாக் குடுக்கிறா. அறுபது வீட்டுச் சோறும் அவவின்ரை தண்ணியிலைதான் வேகுது. எங்களுக்குத் தந்துபோட்டு, தான் முழுகாமல் கிணறு ஊறுமட்டும் காத்துக்கொண்டிருக்கிறா. எனக்கே இப்பதான் தெரியும். இஞ்சை பார்."

தொலைபேசியைத் திருப்பி வாளிகளைக் காட்டினார். கிணற்றைக் காட்டினார். ஹோஸ் உரசி உரசி வழுவழுத்துப்போன வேலிப் பொட்டைக் காட்டினார்.

பிறகு திரையைத் தன் பக்கம் திருப்பினார். பிரசாந்தி மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

"அன்ரி, ஒரு நிமிசம் நில்லுங்கோ. பிள்ளையளைக் கூப்பிடுறன். உதை அவைக்கும் ஒருக்காச் சொல்லுங்கோ."

இரண்டு சின்ன முகங்கள் வந்து ஒட்டிக்கொண்டன. ரீச்சர் எழும்பி நின்றார். வகுப்பில் சொல்வதுபோல, ஒவ்வொரு சொல்லாக, முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னார். பெயரை முழுதாகச் சொன்னார், பத்மாவதி சிவசுப்பிரமணியம் என்று. சின்னவள் கிணற்றையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப அம்மம்மாவுக்குத் தண்ணி மிச்சமில்லையா?" என்று கேட்டாள்.

"இனி இருக்கும்," என்றார் ரீச்சர். "அது என்ரை பொறுப்பு."

பத்மாவதி துவாயால் முகத்தை அழுத்தித் துடைத்தார். "காணும் ரீச்சர். எனக்கு முழுக நேரமாகுது."

பொறுப்பு என்று சொன்னதை ரீச்சர் காற்றில் விடுகிறவர் இல்லை. திங்கட்கிழமையே சங்கத்தைக் கூட்டினார். சட்டி பானை கழுவுவதும் மரக்கறி கழுவுவதும் இனித் தேவாலயக் கிணற்று உவர்த் தண்ணீரில்தான். சோற்றுக்கும் பருப்புக்கும் தேத்தண்ணிக்கும் ஒரு பரல் நல்ல தண்ணீர் போதும். அதையும் வியாழக்கிழமை பின்னேரம் எடுத்துவிட்டால், வெள்ளி முழுக்கக் கிணறு ஊறும்.

"உவர்த் தண்ணியிலை சவுக்காரம் நுரைக்காது ரீச்சர்," என்றாள் கத்தரீனா.

"நுரைக்காட்டில் தேய். எனக்கும் ஒரு சட்டி தா."

வியாழன் பின்னேரம் ஹோஸைத் தூக்கிக்கொண்டு ஐந்து பெண்கள் தெருவால் சுற்றி, பச்சைப் படலையால் உள்ளே போனார்கள். வலை பொத்துகிறவர் நிமிர்ந்து பார்த்தார். பத்மாவதி ஹோஸை வாங்கி மோட்டரைப் போட்டுவிட்டு, பரல் நிறையுமட்டும் எல்லாருக்கும் தேத்தண்ணி வைத்துக் கொடுத்தார். கத்தரீனா இரண்டு கோப்பை குடித்தாள்.

சனிக்கிழமை ஆறு மணிக்கு மோட்டர் சத்தம் இல்லை. ரீச்சர் உலையில் அரிசியைப் போட்டுவிட்டு, ஒரு காதை வேலிப் பக்கம் வைத்தபடி கரண்டியோடு நின்றார். ஆறரைக்கு வேலிக்கு மேலால் தலை தெரிந்தது. ஈரத் தலைமயிர் துவாயால் முடியப்பட்டிருந்தது. நெற்றியில் திருநீறு இன்னும் காயவில்லை.

"இண்டைக்கு என்ன கறி?"

"பருப்பும் பூசணிக்காயும்," என்றபடி ரீச்சர் வேலிக்குக் கிட்டப் போனார். "வெள்ளெனவே முழுகியிட்டியள் போலை?"

"ஓம்," என்றார் பத்மாவதி. "கிணறு நிறையக் கிடக்கு."