பதினாலாம் எண்

எங்கள் நெறியாளருக்கு மாணவர்கள் வைத்த பெயர் 'ஒரு நிமிஷம்'. கதவைத் தட்டினால் உள்ளிருந்து அந்த ஒரே பதில்தான் வரும். அந்த ஒரு நிமிஷத்துக்காக வராந்தா பெஞ்சில் நான் உட்கார்ந்திருந்த நேரத்தையெல்லாம் கூட்டினால் இன்னொரு முனைவர் பட்டம் வாங்கியிருக்கலாம்.

எனக்கு ஐந்தாவது வருடம் ஓடிக்கொண்டிருந்தது. மென்பொருளில் பிழை எங்கே வரும், யாரால் வரும் என்று முன்கூட்டியே கணிப்பதுதான் என் ஆய்வு. கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அதற்கு ஒரு கம்பெனியின் உண்மையான வரலாறு வேண்டும். யார், எந்தக் கோப்பை, எந்தத் தேதியில் மாற்றினார்கள், பிறகு எது உடைந்தது என்று எல்லாம் வேண்டும். எந்தக் கம்பெனிக்காரன் தன் ஓட்டை உடைசலை வெளியாளுக்குக் காட்டுவான்? பதினோரு கம்பெனி வாசலில் நின்றேன். ஒரு இடத்தில் காபி கொடுத்து அனுப்பினார்கள். மற்ற இடங்களில் அதுவும் இல்லை.

கடைசியில் அண்ணன்தான் கைகொடுத்தான். ரத்தப் பரிசோதனைக் கூடங்களுக்கு மென்பொருள் செய்யும் ஒரு கம்பெனியில் பன்னிரண்டு வருடமாக ப்ரோக்ராமர். நான் தங்கியிருந்ததும் அவன் வீட்டில்தான். மேனேஜர் பின்னாலேயே ஆறு வாரம் அலைந்து அனுமதி வாங்கி வந்தான். "தங்கச்சி படிப்பு சார்" என்று எத்தனை முறை பல்லைக் காட்டினானோ, என்னிடம் சொல்லவில்லை.

மேனேஜர் பெயர்களை எடுத்துவிட்டு எண்களாகக் கொடுத்தார். எந்த எண் யார் என்ற பட்டியல் அவரிடம் மட்டும் இருந்தது. பல்கலைக்கழகத்தின் விதி அப்படி. என் முறை ரொம்ப எளிது. பழுதான கோப்புகளை எடுத்துக்கொண்டு, அவற்றில் யார் கை அதிகம் பட்டிருக்கிறது என்று எண்ண வேண்டியதுதான். அதிகம் பட்டவரால் ஆபத்து அதிகம். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பட்டைகள் வரும்.

முப்பது பேரில் இருபத்தொன்பது பேர் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருந்தார்கள். பதினாலாம் எண் மட்டும் படத்தின் கூரையைத் தொட்டுக்கொண்டு சிவப்பாக நின்றது. நெறியாளர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

"அஞ்சு வருஷமா தேடினோமே, கிடைச்சுட்டான் பாரு! இவன் ஒருத்தன் போதும், உன் ஆய்வேடு நிக்கும்."

அன்று வீட்டில் சாப்பிடும்போது எனக்கு வாய் நிற்கவில்லை. "அண்ணா, உங்க ஆபீஸ்ல பதினாலுன்னு ஒரு மகானுபாவன் இருக்கான். தொட்டதெல்லாம் நாசம். யாருன்னு தெரியுமா?"

அண்ணன் சிரித்தான். "எங்க ஆபீஸ்ல அதுக்குப் போட்டியே இருக்கு."

"இந்த மாதிரி ஆளையெல்லாம் எப்படித்தான் வேலைக்கு வச்சிருக்காங்களோ" என்றார் அண்ணி. மூன்று பேரும் சிரித்தோம்.

கட்டுரை ஒரு மாநாட்டில் ஏற்கப்பட்டது. மேனேஜர் என்னை அழைத்து விளக்கச் சொன்னார். விளக்கியதோடு விட்டேனா? மாதாமாதம் பட்டைகளைத் தானாகப் போட்டுக் காட்டி, எனக்கும் ஒரு பிரதி அனுப்பும் ஒரு கருவியையும் செய்து கொடுத்துவிட்டு வந்தேன். அவர் கேட்கக்கூட இல்லை. எல்லாம் என் அதிகப்பிரசங்கித்தனம்.

ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்துக்கு உதாரணங்கள் வேண்டியிருந்தன. அதற்காகத்தான் முதல் முறையாகத் திருத்தக் குறிப்புகளைத் திறந்தேன். ப்ரோக்ராமர்கள் ஒவ்வொரு மாற்றத்தின்போதும் என்ன செய்தோம் என்று இரண்டு வரி எழுதிவைப்பார்கள். இத்தனை மாதமாக அவற்றை எண்ணிக்கொண்டிருந்தேனே தவிர, ஒன்றையும் படித்ததில்லை. எங்கள் துறையில் அது தப்பும் இல்லை. ஆயிரக்கணக்கான வரிகளை யார் உட்கார்ந்து படிப்பார்கள்?

பதினாலாம் எண்ணின் குறிப்புகளைப் படித்தேன். 'ஒன்பதாம் எண் விட்டுப்போனது, சரிசெய்தேன்.' 'சர்க்கரை அளவு தப்பாக அச்சாகிறது, பழைய கோளாறு, சரிசெய்தேன்.' 'யாரும் புகார் சொல்லவில்லை, கண்ணில் பட்டது, சரிசெய்தேன்.' எல்லாம் ஆங்கிலம்; பெயர் வந்த இடங்களில் மேனேஜர் எண்ணைப் போட்டிருந்தார். ஆனால் ஒவ்வொன்றின் முடிவிலும் ஆங்கில எழுத்தில் இரண்டு தமிழ்ச் சொற்கள் இருந்தன. 'இப்போ பாரு.'

எங்கள் வீட்டில் குழாய் ஒழுகினாலும், மின்விசிறி முனகினாலும், என் லேப்டாப் மண்டையைப் போட்டாலும், சரிசெய்துவிட்டு அண்ணன் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு சொல்வது அதுதான். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

பழுதான கோப்புகளில் எல்லாம் அவன் கை பட்டிருந்தது உண்மை. மற்றவர்கள் கெடுத்ததைச் சரிசெய்ய அவன்தான் உள்ளே போயிருக்கிறான். நோயாளி வீட்டுக்கெல்லாம் போனார் என்று டாக்டர் மேல் பழி போட்ட கதைதான். போட்டது நான்.

நெறியாளர் அறைக்கு ஓடினேன். ஒரு நிமிஷம் என்றார். நாற்பது நிமிஷம் கழித்து உள்ளே விட்டார். சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

"ஆய்வேட்டுல வரம்புகள்னு ஒரு பகுதி இருக்கு இல்ல? அங்க ரெண்டு வரி போட்டுடு."

"சார், முறையே தப்பு சார். கெடுத்தவங்களையும் சரிசெஞ்சவங்களையும் ஒண்ணா எண்ணியிருக்கேன். முதல்ல இருந்து செய்யணும்."

"செய். ஒரு வருஷம் ஆகும். உனக்குக் குடுத்த கடைசி நீட்டிப்பு ரெண்டு மாசத்துல முடியுது. அப்புறம் பட்டமும் இல்ல, ஒண்ணும் இல்ல. உன் இஷ்டம்."

அன்றே மேனேஜருக்கு மின்னஞ்சல் எழுதினேன். அந்தப் படத்தை நம்பாதீர்கள், பதினாலாம் எண்தான் உங்கள் கம்பெனியைத் தாங்கிக்கொண்டிருக்கிறார் என்று. எழுதினேன், அனுப்பவில்லை. இந்த வார்த்தை கடுமையாக இருக்கிறதோ, நெறியாளர் காதுக்குப் போனால் என்ன ஆகும், வாய்மொழித் தேர்வு முடிந்ததும் அனுப்பினால் என்ன என்று நான்கு நாள் அதற்குச் சீவிச் சிங்காரித்தேன். ஐந்தாம் நாள் நண்பகலில் அண்ணன் ஒரு அட்டைப்பெட்டியோடு வீட்டுக்கு வந்தான். உள்ளே அவனுடைய விசைப்பலகையும், தண்ணீர் பாட்டிலும், குட்டி ஸ்க்ரூடிரைவர் செட்டும் இருந்தன.

"ஆள் குறைக்கறாங்களாம்" என்றான்.

அண்ணி பெட்டியை வாங்கிக் கீழே வைத்தார். நான் என் அறைக்குப் போய் அந்த மின்னஞ்சலை அழித்தேன். இனி என்ன பிரயோஜனம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். அனுப்பியிருந்தால் அன்றுகூட ஏதாவது பிரயோஜனம் இருந்திருக்கும்.

அடுத்த மாதக் கணக்கு வந்தது. கம்பெனியில் பதிவான பிழைகள் பாதியாகக் குறைந்திருந்தன. குறையாமல் என்ன செய்யும்? தேடிப் பிடித்துப் பதிவு செய்தவனே போய்விட்டான். கோளாறுகள் உள்ளேயே சௌகரியமாக உட்கார்ந்திருந்தன. நெறியாளர் போனிலேயே கத்தினார். "பார்த்தியா? அவன் போனதும் பாதி! இதைவிட என்ன சாட்சி வேணும்? கடைசி அத்தியாயம் இதுதான்."

அதுவே கடைசி அத்தியாயம் ஆனது.

வாய்மொழித் தேர்வுக்கு அண்ணன் வருவான் என்று நான் நினைக்கவில்லை. இஸ்திரி போட்ட சட்டையில் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தான். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அம்மா முன்வரிசையில் பேனாவைத் திறந்து வைத்திருந்தார். நான் லேப்டாப்பைச் சொருகினேன். ப்ரொஜெக்டர் நீலத் திரையைக் காட்டிவிட்டு அணைந்தது. மறுபடி சொருகினேன். ஒன்றும் இல்லை. நெறியாளர் தன் பங்குக்கு வந்து ப்ரொஜெக்டர் தலையில் தட்டினார்.

அண்ணன் எழுந்து வந்தான். கேபிளைக் கழற்றி, வளைந்திருந்த முனையைப் பார்த்து, நகத்தால் ஏதோ நிமிர்த்தி, மறுபடி சொருகினான். திரையில் படம் வந்தது. முப்பது பட்டைகள், நடுவில் ஒரு சிவப்பு.

"இப்போ பாரு" என்றான், போய் உட்கார்ந்துகொண்டான்.

நாற்பது நிமிஷம் பேசினேன். தேர்வாளர் அம்மா ஒரே ஒரு கேள்விதான் உருப்படியாகக் கேட்டார்.

"பதினாலாம் எண் போனதும் பிழைகள் பாதியாயிடுச்சுன்னு சொல்றீங்க. அதுக்கு வேற காரணம் எதுவும் இருக்க முடியாதா?"

அவருக்கு சந்தேகம் வந்திருந்தது. ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அண்ணனைப் பார்த்தேன். அவன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இருக்க வாய்ப்பில்ல மேடம். என் முறை சரியா கணிச்சிருக்குன்னுதான் எடுத்துக்கணும்."

கை தட்டினார்கள். அண்ணனும் தட்டினான்.

வராந்தாவில், நான் ஐந்து வருடம் காத்திருந்த அதே பெஞ்சில், அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"வாழ்த்துகள் டாக்டரம்மா."

"அண்ணா..."

"தெரியும். என்னை வேலையை விட்டு அனுப்பின அன்னைக்கு மேனேஜர் உன் படத்தைத்தான் மேஜைமேல வச்சிருந்தார். கீழ உன் பேர் இருந்துச்சு. தப்பு எங்கன்னு பார்த்ததுமே தெரிஞ்சுது. சொன்னா உன் அஞ்சு வருஷம் போயிடுமேன்னு வாயை மூடிக்கிட்டேன். உனக்குத் தெரியாதுன்னு நினைச்சேன்." திரும்பி என்னைப் பார்த்தான். "இப்போ அந்த அம்மா கேட்டப்போ என்னைப் பார்த்த பாரு, அப்பதான் உனக்கும் தெரியும்னு புரிஞ்சுது."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அவன் போன் அடித்தது. எடுக்காமல் கையில் வைத்துக்கொண்டே சொன்னான். "என் இடத்துக்கு ஒரு புதுப் பொண்ணு வந்திருக்கா. கெட்டிக்காரி. மத்தவங்க கெடுத்து வச்சதையெல்லாம் தேடித் தேடி எடுக்கறா. எப்படிச் சரிபண்றதுன்னு தினமும் என்கிட்ட கேக்கறா. சொல்லிக் குடுக்கட்டுமா, வேண்டாமா? நீதான் டாக்டர், நீ சொல்லு."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவன் போனை எடுத்தான். "சொல்லும்மா... ஆமா, அந்தக் கோப்புதான். திறந்துக்கோ" என்று ஆரம்பித்தான்.

புதிதாகச் சேர்ந்தவர் என்றால் முப்பத்தொன்றாம் எண். இந்த மாதப் படம் நேற்றே என் லேப்டாப்புக்கு வந்திருந்தது. போன மாதம் பச்சையாக இருந்த முப்பத்தொன்று இந்த மாதம் மஞ்சள்.