கழியின் மறுமுனை

விடியற்காலையிலேயே சாயப்பட்டறையின் புகை கண்ணைக் கரித்தது. கொதிக்கும் அரக்குச் சாயத்திலிருந்து தூக்கிய பட்டுநூல் கற்றையான சிட்டத்தின் ஒரு முனையில் ஜெபகுமாரின் கழி, மறுமுனையில் அப்பாதுரையின் கழி. இருவரும் எதிரெதிராக முறுக்கி இழுத்தால்தான் நூலைப் பிழிய முடியும். முறுக்கேறி விறைத்து நிற்கும்போது ஒருவன் விட்டால் மற்றவன் விழுவான். வேலைக்குச் சேர்ந்த அன்றே ஜெபகுமாருக்கு அப்பாதுரை சொல்லிக்கொடுத்தது அதைத்தான்.

ஜெபகுமாரின் கண் ஒரு கணம் சொக்கியது. கழி சுழன்று கையை விட்டுப் போனது.

அப்பாதுரை பின்னால் சரிந்து, மூடியில்லாத சாயத் தொட்டிக்குள் முழங்கை வரை கையை ஊன்றிவிட்டார். அலறலில் தெருவே எழுந்துகொண்டது. பக்கத்துப் பட்டறைக்காரர்கள் அவரை ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கூட ஏற ஜெபகுமாருக்குக் கால் வரவில்லை.

முதலாளி வேணுகோபால் வந்தார். "யார்றா கைவிட்டது?"

"நான்தாங்க. தூங்கிட்டேன்."

முதலாளி மற்ற ஆட்களைப் பார்த்தார். "கேட்டுக்கினீங்களா? இவன் தூங்கினதுக்கு நான் இன்னா பண்றது? யார் கேட்டாலும் இதையே சொல்லுடா. உன்னை வேலைய விட்டு அனுப்ப மாட்டேன், பயப்படாதே."

அந்தக் கருணைதான் ஜெபகுமாரைக் கூசவைத்தது. அவர் சொன்னதில் பொய்யில்லையே.

நூல் காயப்போடும் அம்சா ஈரக்கையோடு முன்னால் வந்தாள். "ஜெபா, ராத்திரி வீட்டுக்குப் போனியாபா?"

"இல்லக்கா."

"அதுக்கு மொத நாளு?"

அவன் இல்லையென்று தலையசைத்தான்.

"கல்யாண ஆர்டர் குவியற நேரத்துல ரெண்டு ஆளை நிறுத்தி, அந்த வேலையையும் இவங்க தலையில கட்டினது யாரு மொதலாளி? காந்தி ரோட்டுல உங்க கடைக்கு மாடிமேல மாடி ஏறுது. தொட்டிக்கு ஒரு மூடி போட முடியல?"

"வாய் நீளுதுமா. சாயம் ஆறுது, வந்து புடிங்கடா!" வேணுகோபாலே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு கழியை எடுத்தார். மறு கழி ஈரத்தரையில் கிடந்தது. யாரும் குனியவில்லை. அடுப்பைப் பார்க்கும் சத்யராஜ் எரியும் விறகை வெளியே இழுத்துத் தண்ணீரை ஊற்றினான்.

ஜெபகுமார் குனிந்தான். முதலாளியின் முகம் மலர்ந்தது. அவன் கழியை எடுத்து, சுவரில் சாய்த்து வைத்தான்.

"அப்பாதுரை அண்ணனுக்கு வைத்தியம் பாருங்க, மூடி போடுங்க, நிறுத்தின ஆளுங்களைக் கூப்பிடுங்க. அப்பறம் புடிக்கிறோம்," என்றாள் அம்சா.

"நாளைக்கே வேற ஆள் வருவான்!"

"வரட்டும். வாசல்லதான் இருப்போம், அவங்கிட்டயும் பேசிக்கிறோம்."

எல்லாரும் அப்பாதுரையைப் பார்க்க நடந்தார்கள். ஆஸ்பத்திரித் திருப்பத்தில் ஜெபகுமார் நின்றுவிட்டான். விரல் இடுக்கில் அரக்குச் சாயம் இன்னும் காயவில்லை.

"அண்ணன் மூஞ்சில எப்பிடிக்கா முழிப்பேன்? கைவிட்டது நான்தானே?"

"நீதான்," என்றாள் அம்சா. "அதை அண்ணங்கிட்டச் சொல்லு, மொதலாளிக்குச் சாட்சியா சொல்லாதே. நடபா, நாங்களும் வந்துக்கினுதான இருக்கோம்."