பத்தாவது குண்டு

என் வீட்டுக்காரரோடு யுத்தப் படத்துக்குப் போவது மானக்கேடு. பர்மாவில் சண்டை போட்டவர். இப்போது தூத்துக்குடி துறைமுகத்தில் காவல் வேலை. திரையில் எவன் துப்பாக்கியைத் தூக்கினாலும் சத்தமாக எண்ணுவார். "த்ரீ நாட் த்ரீ துப்பாக்கில பத்து குண்டுதான் கொள்ளும். இவன் பதினேழு சுட்டுட்டான், களவாணிப்பய!" என்று கத்துவார். நாசரேத்தில் படித்து டீச்சரான நான் முந்தானையில் முகத்தை மறைத்துக்கொள்வேன்.

அந்தச் சனிக்கிழமை இங்கிலீஷ் படம். பாலத்தடியில் மாட்டிக்கொண்ட சிப்பாய் ஒருவன் சுடச் சுட, இவர் எண்ணினார். "எட்டு, ஒம்பது, பத்து." சிப்பாய் நிறுத்தினான். துப்பாக்கியின் போல்ட்டைப் பின்னுக்கு இழுத்தான். ஐந்தைந்தாகக் கோத்த தோட்டாக்களைக் கட்டைவிரலால் இரண்டு தடவை அழுத்தி உள்ளே இறக்கினான். எதிரிகள் ஓடி வந்துகொண்டிருந்தும் அவன் கை பதறவில்லை.

இவர் எழுந்து நின்றுவிட்டார். "ஏளா ஜீவமணி, பாத்தியா! இதுல்லா வேலை தெரிஞ்சவன் கை!" கண்ணெல்லாம் தண்ணீர். பின்னாலிருந்து ஒருவர், "அண்ணாச்சி, உக்காருங்க, மறைக்குது" என்றார். இவர் காதில் விழவில்லை. சிப்பாய் மறுபடியும் சுட ஆரம்பித்தான்.

நான் இவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"உக்காருங்க. நாலு சுட்டுட்டான். இன்னும் ஆறுதான் இருக்கு."