சாய்ந்து படுத்த பக்கம்

படகின் எஞ்சின் மூடியின் மேல் கையை வைத்த ஒத்தீலியா சட்டென்று இழுத்துக்கொண்டாள். சூடாக இருந்தது.

"காலையிலயே ஓட்டிப் பாத்தீங்களா?" என்று கேட்டாள்.

"நான் எதுக்கு ஓட்டப் போறேன் கொமாத்ரே. வெயில்ல நின்ன சூடு," என்றான் ருதெசிந்தோ.

சிலோயே தீவை அந்த வாரம் முழுக்க வெயில் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அப்போதும் தூறிக்கொண்டுதான் இருந்தது. ருதெசிந்தோவின் தொப்பி விளிம்பில் இருந்தே தண்ணீர் சொட்டியது. கொஞ்சமாவது நம்பும்படி ஒரு பொய்யைச் சொல்லக்கூட அவன் மெனக்கெடவில்லை என்பதுதான் ஒத்தீலியாவுக்கு உறுத்தியது. பழைய டீசல் எஞ்சினின் வண்டவாளம் அது குளிர்ந்து கிடக்கும்போது தெரியும். ராத்திரி முழுக்கக் கிடந்த எஞ்சினை வாங்குகிறவன் கண்முன்னால் கிளப்ப வேண்டும். எத்தனை முறை இருமுகிறது, என்ன நிறத்தில் புகை விடுகிறது என்று பார்க்க வேண்டும். இவன் விடிந்ததுமே அதைச் சூடாக்கி, மாப்பிள்ளை மாதிரி உட்கார வைத்திருந்தான்.

முதல் சுற்றிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது. அவள் புருஷன் பெலர்மீனோவுக்கு முகமெல்லாம் பல்.

"கேட்டியா? தையல் மிஷின் மாதிரி ஓடுது," என்றான்.

"கேட்டேன், கேட்டேன்."

வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத மனிதன் பெலர்மீனோ. அதிலும் ருதெசிந்தோ என்றால் கேட்கவே வேண்டாம். மகள் யஸ்னாவுக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது பிள்ளையைக் கையில் ஏந்தி நின்றவன் அவன். அன்றிலிருந்து இந்த இரண்டு வீட்டாரும் ஒருவரையொருவர் கொம்பாத்ரே, கொமாத்ரே என்றுதான் கூப்பிட்டுக்கொள்கிறார்கள். அந்த உறவில் நீ, வா, போ கிடையாது. சந்தேகமும் கிடையாது.

அவர்களுடைய சொந்தப் படகைப் போன குளிர்காலத்துப் புயல் பாறையில் மோதி விறகாக்கிவிட்டது. கடலடியில் முள் உருண்டையாக ஒட்டிக் கிடக்கும் கடல்முள்ளெலியை எடுக்க மார்ச்சில் அனுமதி கிடைக்கும். அதற்குள் வேறு படகு வேண்டும் என்று உழவு எருதுகள் இரண்டையும் விற்றாயிற்று. இனி உழுவதற்கும் ஒன்றுமில்லை, கடலுக்குப் போவதற்கும் ஒன்றுமில்லை. ஆனால் ஒத்தீலியாவின் கவலை எருதுகளைப் பற்றியது அல்ல. கடலில் இறங்குகிறவள் யஸ்னா. படகில் காற்று மிஷின் ஓடும். அதிலிருந்து ஒரு ரப்பர் குழாய் கீழே போகும். அந்தக் குழாயைப் பல்லில் கடித்துக்கொண்டு இருட்டுத் தண்ணீரின் அடியில் அவள் முள்ளெலி பொறுக்குவாள். மேலே படகுக்கு ஏதாவது ஆனால் கீழே அவளுக்கு மூச்சு இல்லை.

அதனால் ஒத்தீலியா அடித்தட்டுப் பலகையைத் தூக்கிப் பார்த்தாள். உள்ளே பச்சைப் பெயின்ட் பளபளத்தது. யார் கண்ணிலும் படாத இடத்துக்கு எவனாவது புதுப் பெயின்ட் அடிப்பானா? முகர்ந்தாள். பெயின்ட் வாசனையைத் தவிர வேறு எந்த வாசனையும் தெரியவில்லை. துளித் தண்ணீர் இல்லை. கை நீட்டித் துழாவியபோது தண்ணீர் இறைக்கும் பம்பு ஒன்று தட்டுப்பட்டது. அதற்குப் பக்கத்திலேயே இன்னொன்று.

"இவ்வளவு சின்னப் படகுக்கு எதுக்கு ரெண்டு பம்பு?"

"ஒண்ணு மக்கர் பண்ணினா இன்னொண்ணு. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன், ரெண்டையும் சேத்தே தர்றேன்," என்று தங்கப் பல் தெரியச் சிரித்தான் ருதெசிந்தோ.

"போதும் ஒத்தீலியா, அவர் என்ன வெளியாளா?" என்று பெலர்மீனோ முணுமுணுத்தான்.

"அடிப்பக்கத்தையும் பாத்துட்டே போங்க. கடல் வத்தட்டும். நான் எதையும் மறைக்கிறவன் இல்ல," என்றான் ருதெசிந்தோ பெருந்தன்மையாக.

கடல் வற்றும்வரை அவன் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து மாத்தே இலைத் தேநீர் குடித்தார்கள். யஸ்னாவுக்கு என்று அவன் பெண்டாட்டி உருளைக்கிழங்கு அடை சுட்டு வைத்திருந்தாள். யஸ்னாவின் முதல் முக்குளிப்பு உடையை வாங்கிக் கொடுத்ததே அவன்தான். "என் பொண்ணு கடலுக்கடியில பிறந்திருக்க வேண்டியவ," என்று அவள் தோளைத் தட்டிக்கொடுத்தான். அவளும் "ஞானப்பா, ஞானப்பா" என்று அவனை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தனக்குத்தான் சந்தேகப் புத்தியோ என்று ஒத்தீலியாவுக்கே ஒரு கணம் வெட்கமாகிவிட்டது.

கீழே வந்தபோது கடல் நன்றாக உள்வாங்கியிருந்தது. சாந்தா இனேஸ் என்ற அந்தப் படகு சேற்றில் ஒருக்களித்துக் கிடந்தது. ஒத்தீலியா திருப்புளியால் வலப்பக்கப் பலகைகளை ஒவ்வொன்றாகக் குத்திப் பார்த்தாள். கெட்டியான மரம், திருப்புளி இறங்கவில்லை. சுத்தியலால் தட்டினாள். எல்லா இடத்திலும் கணீரென்றுதான் கேட்டது. அடிமரத்தின் போல்ட்டுகளும் துரு கக்கவில்லை. அவளால் ஒரு குறையும் சொல்ல முடியவில்லை. பெலர்மீனோ கை நீட்டினான், ருதெசிந்தோ குலுக்கினான். அந்தக் கடற்கரையில் கை குலுக்கினால் முடிந்தது, காகிதமெல்லாம் அப்புறம்.

வீட்டுக்குப் போகும் மேட்டுப்பாதையில் ஏறும்போது மூச்சு வாங்கியது. ஒத்தீலியா நின்று திரும்பிப் பார்த்தாள். கீழே ஏழெட்டுப் படகுகள் சேற்றில் கிடந்தன. அந்தத் துறையின் தரைச் சரிவுக்கு எல்லாப் படகும் வலப்பக்கமாகத்தான் சாயும். எல்லாம் அப்படித்தான் சாய்ந்து கிடந்தன. சாந்தா இனேஸ் மட்டும் இடப்பக்கமாகச் சாய்ந்து கிடந்தது.

அடித்தட்டில் இடது ஓரமாகக் கல் மூட்டைகள் அடுக்கியிருந்தது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. படகு ஆடாமல் இருக்கப் போட்ட பாரம் என்று நினைத்து விட்டுவிட்டாள். அத்தனையும் ஒரே பக்கம்!

"நாம ஒரு பக்கத்தைத்தான் பாத்திருக்கோம்," என்றாள். "அவன் காட்டுன பக்கத்தை. இன்னொரு பக்கத்துமேல படகையே படுக்க வச்சிருக்கான், பாவி!"

"ஞானப்பா அப்படிச் செய்ய மாட்டாரும்மா," என்றாள் யஸ்னா.

"கை குடுத்துட்டேன்டி," என்றான் பெலர்மீனோ. "நாளைக்குப் பூசை முடிஞ்சு சாப்பிட வேற கூப்பிட்டிருக்கேன். அந்த மனுஷனை மூஞ்சில அடிச்ச மாதிரி ஆயிடும்."

"ஆகட்டுமே! உன் கைதானே, நீயே வச்சுக்கோ. தண்ணிக்குள்ள போறது என் பொண்ணு."

மறுநாள் ஞாயிறு. ஊரே கோயிலில் இருந்தது. தண்ணீர் இறங்கத் தொடங்கும் நேரம் பார்த்து ஒத்தீலியா மகளை இழுத்துக்கொண்டு துறைக்குப் போனாள். பக்கத்து வீட்டுத் தோணியைத் தள்ளிக்கொண்டு சாந்தா இனேஸில் ஏறினார்கள். முதலில் கண்ணில் பட்டது தண்ணீர்தான். நேற்றுத் துளிகூட இல்லாத அடித்தட்டில், பம்பு ஓடாத ஓர் இரவிலேயே கணுக்கால் முழுகியது. யஸ்னா அம்மாவைப் பார்த்தாள். அவளாகவே முதல் மூட்டையைத் தூக்கினாள்.

மூட்டைகளை எல்லாம் வலது ஓரத்துக்கு மாற்றிவிட்டுக் கரைக்கு வந்து காத்திருந்தார்கள். தண்ணீர் இறங்க இறங்க, அடிமரம் தட்டி, படகு மெல்ல மற்றப் படகுகளைப் போலவே வலப்பக்கம் சாய்ந்தது. இடது வயிறு வானத்தைப் பார்த்துத் திரும்பியது.

பெயின்டுக்கு அடியில் ஒரு நீளமான மேடு தெரிந்தது. ஒத்தீலியா சுரண்டினாள். தாரும், அதற்கடியில் தகரமும் வந்தன. எண்ணெய் டின்னை வெட்டி ஆணி அடித்திருந்தார்கள். சுத்தியலின் பின்பக்கத்தால் நெம்பியதும் ஒரு முழத் தகரம் கிழிந்து கையோடு வந்தது. உள்ளே இருந்த மரத்தில் திருப்புளியை வைத்தாள். குத்தக்கூட இல்லை, வெறுமனே வைத்தாள். ஊறிய ரொட்டிக்குள் போவது போலப் பிடிவரை போயிற்று.

யஸ்னா அந்தத் துளைக்குள் தன் விரலை விட்டுப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்துப்போனதைப் பார்த்த ஒத்தீலியாவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

பூசை முடிந்து, கோயில் சட்டை கசங்காமல், பெலர்மீனோவின் தோளில் கை போட்டுக்கொண்டு ருதெசிந்தோ வந்தான். படகு சாய்ந்திருந்த பக்கத்தைத் தூரத்திலேயே பார்த்துவிட்டான். தோளில் இருந்த கை இறங்கியது.

"என்ன கொமாத்ரே இது, சொல்லாம கொள்ளாம அடுத்தவன் படகுல ஏறியிருக்கீங்க?"

"கொமாத்ரேயா? அந்த வார்த்தையைச் சொல்ல உனக்கு நாக்கு கூசல? இது என்னய்யா?"

"பழைய படகுன்னா ஒட்டு இருக்கத்தான் செய்யும். என் வாயில இல்லையா?" என்று தங்கப் பல்லைக் காட்டினான். யாரும் சிரிக்கவில்லை.

"பல்லு விழுந்தா நீ கஞ்சி குடிச்சுக்குவ. இது விழுந்தா என் மக எதைக் குடிப்பா? கடலையா?"

"இப்படி நோண்டுனா இந்தத் தீவுல ஒரு படகும் தேறாது. வாங்குறவங்கதான் பாத்து வாங்கணும். நான் என்ன மறைச்சேன்? இந்தப் பக்கத்தைக் காட்டுன்னு நீங்க கேட்டீங்களா?"

"கேக்கலயா?" ஒத்தீலியா கிழிந்த தகரத்தை அவன் காலடியில் வீசினாள். "கையில ஏந்துன பிள்ளைய்யா! அவளுக்கு மூழ்குற உடையை வாங்கிக் குடுத்ததும் நீ, மூழ்கடிக்கப் படகு குடுக்கிறதும் நீயா? சரி, இப்ப ஒண்ணு பண்ணு. பெருக்கு வரட்டும். பம்பு ரெண்டையும் கழட்டி எங்கிட்ட குடுத்துட்டு, நீ மட்டும் இதுல ஏறி எதிர்த்தீவு வரைக்கும் போயிட்டு வா. நீ வந்து சேந்தா வாய் பேசாம நானே வாங்கிக்கிறேன்."

ருதெசிந்தோ கடலைப் பார்த்தான். படகைப் பார்த்தான். யஸ்னாவை மட்டும் பார்க்கவில்லை.

"எனக்கு வேலை இருக்கு," என்றான். அப்புறம், கோபத்தை வரவழைத்துக்கொண்டு, "வேணாம்னா விடுங்க! தெற்கே ஒரு பையன் இதைக் கேட்டு நச்சரிச்சுக்கிட்டு இருக்கான். புதுசாக் கல்யாணம் ஆனவன், தங்கமான பையன். உங்களை மாதிரி எதையும் குடைய மாட்டான். தகரத்தை மறுபடி அடிச்சு அவனுக்கே குடுத்துட்டுப் போறேன்."

பெலர்மீனோ மனைவியின் கையில் இருந்த சுத்தியலை வாங்கினான். ஏதோ பிடி தளர்ந்திருக்கிறதா என்று பார்ப்பவன் போல ஒரு முறை அதைத் திருப்பிப் பார்த்தான். பிறகு படகின் பக்கம் போய், ஓங்கி ஓர் அடி அடித்தான். பலகை கணீரென்றெல்லாம் கேட்கவில்லை. சொத்தென்று சுத்தியல் முழுசாக உள்ளே போய்விட்டது. இழுத்து மறுபடி அடித்தான். இன்னொரு தடவை. பானை நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்து, கறுத்துப்போன விலாக்கட்டை வெளியே தெரியும்வரை அவன் நிறுத்தவில்லை.

"டேய்! என் படகுடா! உனக்குப் பைத்தியமா பிடிச்சிருக்கு?" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தான் ருதெசிந்தோ.

"நல்ல மரமா இருந்தா சுத்தியல் திரும்பி வந்திருக்கும் கொம்பாத்ரே," என்றான் பெலர்மீனோ. மூச்சு வாங்கியது. கண்ணில் நீர் நின்றது. "அந்தப் பையனுக்கும் தண்ணிக்குள்ள யாராவது இருப்பாங்க."

இத்தனை வருஷத்தில் அவன் யாரையும் அடித்து ஒத்தீலியா பார்த்ததில்லை, படகைக்கூட. பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் அவள் கோபம் அதற்குள் ஆறுவதாக இல்லை.

"இந்தக் கோபம் நேத்தே வந்திருந்தா என்னவாம்?" என்றாள். "கை குடுத்தாராம், கை! வா, வீட்டுக்குப் போவோம். சமைச்சது ஆறிப்போச்சு."

படகுக்குக் காசு கேட்பேன், துறைமுக அதிகாரியிடம் போவேன் என்று முதுகுக்குப் பின்னால் ருதெசிந்தோ கத்திக்கொண்டிருந்தான். "போ, போய் அந்தத் தகரத்தையும் எடுத்துட்டுப் போய்க் காட்டு," என்று திரும்பாமலே சொன்னாள் ஒத்தீலியா.

மேட்டுப்பாதையில் பாதி ஏறும்போது கடல் திரும்பி வரத் தொடங்கியிருந்தது. மற்றப் படகுகள் ஒவ்வொன்றாக அசைந்து நிமிர்ந்தன. சாந்தா இனேஸ் எழுந்திருக்கவில்லை. கோயில் சட்டையோடு ருதெசிந்தோ அதன் பக்கத்தில் நின்று, தன் கோட்டைக் கழற்றி ஓட்டைக்குள் திணித்துக்கொண்டிருந்தான்.

யஸ்னா சட்டென்று நின்றாள்.

"இனிமே அவரை நான் என்னன்னும்மா கூப்பிடுறது?"

"ஞானப்பான்னுதான்," என்றாள் ஒத்தீலியா. "கோயில் வாசல்ல, கடையில, நாலு பேர் இருக்கிற இடமாப் பாத்து, நல்லா சத்தமாக் கூப்பிடு. கூப்பிடுறப்பல்லாம் அவன் உன் மூஞ்சியைப் பாக்கணும்."

யஸ்னா கடற்கரைப் பக்கம் திரும்பினாள். இரண்டு கையையும் வாயருகே குவித்துக்கொண்டு, முக்குளிக்கிறவளின் நெஞ்சில் இருந்த மூச்சையெல்லாம் சேர்த்து, "ஞானப்பா!" என்று கூப்பிட்டாள்.

பூசை முடிந்து துறைக்கு வந்திருந்தவர்கள் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். முழங்கால் தண்ணீரில் நின்றிருந்த ருதெசிந்தோ மட்டும் திரும்பவில்லை.