ஃப்ளோரா கொடுத்த எண்

எனக்கும் கணக்குக்கும் ஏழாம் பொருத்தம். மயிலாப்பூர் பெண்கள் பள்ளி ஒன்றில் தமிழ் நடத்திக்கொண்டு நிம்மதியாக இருந்தேன். ஆனால் விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்த ஃப்ளோரா கணக்கு டீச்சர். கணக்கு என்னை விடுமா?

1972-இல், சைதாப்பேட்டையில் கணக்கு வாத்தியாராக இருந்த ஆரோக்கியநாதன் அவளைக் கட்டிக்கொள்ளக் கேட்டார். பெரியவர்கள் சம்மதித்தாயிற்று. அவள் தலையாட்டினால் ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்துவிடுவார்கள். இவளோ தலையாட்டாமல் ஒரு எண்ணை நீட்டினாள்: 999919.

"இது பெருக்கல்ல ரெண்டு எண்ணாப் பிரிஞ்சா நமக்குக் கல்யாணம். பிரியலேன்னா நீங்க உங்க வழி, நான் என் வழி, சார்."

பெண் கேட்டு வந்தவருக்குக் காப்பி கொடுப்பார்கள், வகுத்தல் கணக்கா கொடுப்பார்கள்? எனக்கு எரிச்சலாக வந்தது. ஆயிரத்துக்குள் இருக்கும் பகா எண்களால் ஒவ்வொன்றாக வகுத்துப் பார்க்க வேண்டுமாம். எதிலுமே மீதியில்லாமல் போகாவிட்டால் இதுவும் பகா எண்தானாம், யாராலும் பிரிக்க முடியாதாம்.

அடுத்த சனிக்கிழமை, நானும் ஃப்ளோராவும் சுண்டல் தின்றுகொண்டிருந்த சாந்தோம் கடற்கரைக்கு வந்தார் மனுஷன். கண் சிவந்து, தாடி வேறு.

"தொள்ளாயிரத்து எண்பத்து மூணு வரைக்கும் போட்டேன் டீச்சர். எதுலயும் போகலை."

"அப்புறம்?" என்றாள் ஃப்ளோரா.

"இன்னும் ரெண்டுதான் பாக்கி. 991, 997. போடலை."

"ஏன்?"

"அதுலயும் போகலேன்னா நீங்க இல்லேன்னு முடிவாயிடுமே. பயமா இருந்துச்சு. போடாம விட்டா கொஞ்சம் நம்பிக்கையாவது மிஞ்சும்."

ஃப்ளோராவுக்கு இரக்கமே இல்லை. சுண்டல் மடித்த காகிதத்தைப் பிரித்து, ஓரத்தில் அச்சில்லாத இடத்தைக் காட்டி, "போடுங்க" என்றாள்.

991-ஆல் ஒரு தரம். எட்டு மிச்சம். ஒன்பதை இறக்கினார்; போகவில்லை, சுழி. ஒன்றை இறக்கினார், மறுபடியும் சுழி.

"இன்னா நைனா, பரீட்சை எய்திக்கினு கீறே?" என்று சுண்டல்காரர் எட்டிப் பார்த்தார்.

கடைசி ஒன்பதை இறக்கினார். 8919. ஒன்பது தரம் போட்டார். மீதியே இல்லை!

"ஆயிரத்து ஒன்பது!" என்று அவர் கத்திய கத்தலில் காக்கைகள் பறந்தன. 991, 1009. ஆயிரத்துக்கு ஒன்பது முன்னால் ஒன்று, ஒன்பது பின்னால் ஒன்று. இரண்டுமே பகா எண்கள்.

"மேலேருந்து ஆரம்பிச்சிருந்தா ரெண்டாவது கணக்குலயே வந்திருக்கும்" என்றாள் ஃப்ளோரா. அவர் காதில் அது விழவேயில்லை. காகிதத்தைச் சட்டைப் பையில் பத்திரப்படுத்திக்கொண்டிருந்தார்.

திரும்பும் வழியில் எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏண்டி, ஒருவேளை பிரியாமப் போயிருந்தா?"

"எப்படிப் பிரியாமப் போகும்? அந்த ரெண்டையும் பெருக்கித்தானே அந்த எண்ணையே உண்டாக்கினேன்."

நான் நடுத்தெருவில் நின்றுவிட்டேன். "அப்படின்னா நீ அன்னைக்கே..."

"அன்னைக்கே சரின்னுதான் எழுதிக் கொடுத்தேன்" என்றாள். "அவர் படிக்கத்தான் ஒரு வாரம் ஆச்சு."